அப்பா செய்த தொப்பிகள்

செப்டம்பர் 9, செவ்வாய்

மதியம் என் மேசைப் போன் ஒலித்தது. நான் பேனா மூடியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். வழக்கம்போல் எங்கள் மூத்த ஆய்வாளர் மூக்கு அண்ணன் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து எடுத்தார். பேசி முடித்துவிட்டு, "சைலன்ட், இது உனக்கு வந்த போன். ஒரு நாளாவது நீ எடுத்து ஹலோ சொல்லிட்டேன்னா, இந்தக் கட்டடத்துக்கே நான் டீ வாங்கித் தர்றேன்" என்றார்.

எனக்குப் பேசத்தான் வராது. பார்க்க வரும், கணக்குப் போட வரும், எழுத வரும். இந்த வேலைக்கு அது போதும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். புகையோ ஆவியோ வெளியே விடும் இயந்திரம் வைத்திருக்கிற எந்தத் தொழிலும் எங்களிடம் காற்று அனுமதி வாங்க வேண்டும். பேக்கரி அடுப்பு, லாண்டரி பாய்லர், பெயின்ட் அடிக்கும் அறை, எல்லாமே. என்ன வெளியேறும், எவ்வளவு, அது யார் ஜன்னலுக்குப் போய்ச் சேரும் என்று கணக்குப் போடுவது என் வேலை. இதை வீட்டில் எத்தனை முறை விளக்கினாலும் அப்பா ஊரில் சொல்வது ஒன்றுதான்: "எம் பொண்ணு காத்துக்கு லைசென்ஸ் குடுக்குறா. நீங்க மூச்சு விடணும்னா அவளக் கேட்டுக்கோங்க."

சொல்லட்டும். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குள் கால் வைத்தவள் நான். தகரம் வெட்டி வெட்டியே படிக்க வைத்தவர் அவர். கொஞ்சம் அளக்க அவருக்கு உரிமை உண்டு.

போனில் வந்தது ஒரு புகார். ஒரு பெயின்ட் பட்டறை அனுமதியைப் புதுப்பிக்கக் கேட்டிருக்கிறது. பக்கத்து மாடி வீட்டுக்காரர்கள், கொடுக்கக் கூடாது என்கிறார்கள். தின்னர் நெடி தாங்கவில்லையாம். பழைய அனுமதி அக்டோபர் கடைசியோடு முடிகிறது. அதற்குப் பிறகு அனுமதி இல்லாமல் அங்கே ஒரு கதவுக்குக்கூடப் பெயின்ட் அடிக்க முடியாது.

செப்டம்பர் 11, வியாழன்

மூக்கு அண்ணனோடு பட்டறைக்குப் போனேன். வாசனையை வைத்தே எந்த இயந்திரத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பது அலுவலகத்தில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட விஷயம். அவரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

முதலாளியை எல்லோரும் பெயின்ட் அக்கா என்கிறார்கள். விரலுக்கு விரல் நகம் வேறு நிறம். அது அலங்காரம் இல்லை, தொழில். இரும்புக் கட்டில், பீரோ, கேட் எல்லாம் வரிசையாகத் தொங்குகின்றன. வேலை செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். அறைக்குள் ஸ்ப்ரே அடிக்கிறார்கள்; ஃபேன் அந்தக் காற்றை ஃபில்டர் வழியாக இழுத்து, நீண்ட தகரக் குழாயில் ஏற்றி, கூரைக்கு மேலே விடுகிறது.

மூக்கு அண்ணன் கண்ணை மூடி ஒரு இழு இழுத்தார். "ஃபில்டர் செத்துப்போச்சு."

பெயின்ட் அக்கா ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். புதுசு. அண்ணன் அதைப் பார்த்த பார்வையில், அது அவருக்குத் துரோகம் செய்துவிட்டது மாதிரி இருந்தது.

பிறகு பக்கத்து மாடி. புகார் கொடுத்தவர் ஒரு தையல்காரம்மா. ஜன்னல் விளிம்பு முழுவதும் டேப் ஒட்டி வைத்திருக்கிறார். அப்படியும் நெடி உள்ளே நின்றது. மெஷினுக்குப் பக்கத்தில் அவர் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் மெல்லிய விசில் சத்தம்.

"நான் யார் பொழப்பையும் கெடுக்கச் சொல்லல மேடம். இவ மூச்சு விடணும். அவ்ளோதான்."

மேடம் என்றது என்னை. நான் தலையாட்டினேன். தலையாட்டுவது ஒரு பதிலா?

திரும்பும் வழியில் அண்ணன் சொன்னார்: "மறுத்துடலாம். சுலபம்."

சுலபம்தான். ஆனால் ஏன் நெடி வருகிறது என்று தெரியாமல் மறுப்பது என் வேலை இல்லை. அந்தக் குழாய் மாடி வீட்டின் கூரையைவிட உயரம். கணக்குப்படி காற்று அவர்கள் தலைக்கு மேலே போய்க் கலைந்துவிட வேண்டும். கணக்கு தப்பில்லை. நான் போட்டுப் பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஃபேன் சரி. ஃபில்டர் சரி. பெயின்ட் அளவு சரி. உயரம் சரி. எல்லாம் சரியாக இருந்தால் அந்தப் பெண்ணின் விசில் எங்கிருந்து வருகிறது?

செப்டம்பர் 14, ஞாயிறு

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து தன் ராஜ்ஜியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மாடியிலிருந்து பாதி ஊர்க் கூரைகள் தெரியும். அந்தக் கூரைகளின் புகைபோக்கிகளுக்கு மேலே அப்பாவின் தொப்பிகள்.

கூம்பாகத் தகரத்தை மடித்து, மூன்று கால் வைத்து, குழாயின் வாய்க்கு மேலே உட்கார வைப்பார். உள்ளே மழை விழாது. தொப்பி போடுகிறவர்கள் வேறு பேரும் இருக்கிறார்கள். ஆனால் விளிம்பில் ஃப்ரில் வைப்பது அப்பா மட்டும்தான். சின்ன வயதில் எனக்கு ஒரு கவுன் இருந்தது. அதைப் பார்த்து அடித்த ஃப்ரில். எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவருக்குத் தெரியும்.

"அது பேக்கரி. அது லாண்டரி. அந்தக் கோணலா இருக்கு பாரு, அது நம்மது இல்ல. எவனோ தலப்பா கட்டிவிட்டிருக்கான்."

நான் சிரித்துக்கொண்டே பேக்கரியைப் பார்த்தேன். அடுப்பு அப்போதுதான் பற்றியிருந்தது. புகை மேலே வந்தது, தொப்பியில் முட்டியது, ஃப்ரிலுக்கு அடியில் நாலா பக்கமும் பிதுங்கியது, சுவரோடு சுவராக வழிந்து இறங்கியது.

மேலே போகவே இல்லை.

பாத்திரம் கழுவும்போது குழாய்த் தண்ணீர் கரண்டிக் குழியில் விழுந்து நம் துணியையெல்லாம் நனைத்துவிடுமே, அதேதான். தலைகீழாக. ஃபேன் என்ன வேகத்தில் தள்ளினால் என்ன? தொப்பி திருப்பி அடித்துவிடும்.

கையில் ஈரத் துண்டோடு அப்படியே நின்றேன். "என்ன பாப்பா, பேயடிச்ச மாதிரி நிக்கிற?" என்றார் அப்பா. "ஒண்ணுமில்லப்பா. கிளிப் பத்தல."

பெயின்ட் பட்டறைக் குழாயின் மேலே என்ன இருக்கிறது? கீழேயிருந்து பார்த்தபோது கூரை மறைத்திருந்தது. கடவுளே, கோணலான தொப்பியாக இருக்கட்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

ஃப்ரில்.

தையல்காரம்மாவின் மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன். ஏணி போட்டால் எட்டிவிடும் உயரத்தில் அந்தத் தொப்பி. மடிப்புகள் ஒன்றுக்கொன்று அச்சு மாறாமல். என் கவுன்.

கீழே வந்து பெயின்ட் அக்காவிடம் எப்போது போட்டது என்று கேட்டேன். என் வாயிலிருந்து முழு வாக்கியம் வந்ததில் அவரைவிட எனக்குத்தான் ஆச்சரியம்.

"போன மழைக்கு, ராத்திரி ஃபேன நிறுத்தினப்புறம் தண்ணி உள்ள எறங்கி மோட்டாரே போச்சும்மா. அப்புறம் ஒரு நல்ல மனுஷன் வந்து இதப் போட்டுக் குடுத்தாரு. ஒரு சொட்டு உள்ள வரல. தங்கமான கை."

புகாரும் போன மழைக்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மழைக்குப் போட்ட தொப்பிக்கும் நெடிக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்குத் தோன்றும்? எங்கள் கணக்கோ, குழாயின் வாய் திறந்திருக்கும் என்று நம்பிக்கொண்டே இருக்கிறது.

தங்கமான கை யாருடையது என்று நான் அவரிடம் சொல்லவில்லை. நாளை முதலில் எங்கள் தலைமைப் பொறியாளர் பெரிய மேடத்திடம் சொல்ல வேண்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சொல்ல வேண்டியதை நேற்றிரவே துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தேன். பெரிய மேடம் கண்ணாடிக்கு மேலே பார்த்ததும் சீட்டு கையிலேயே கசங்கிவிட்டது. பரவாயில்லை, அது மனப்பாடம்.

"காரணம் தொப்பி மேடம். அந்தத் தொப்பி எங்கப்பா செஞ்சது."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டாவத நீ சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே."

"எனக்குத் தெரியுமே மேடம்."

அவர் பேனாவை மூடினார். இந்தக் கோப்பில் நான் கையெழுத்துப் போடக் கூடாது என்றார். கையெழுத்து மூக்கு அண்ணனுடையது. ஆனால் கண்டுபிடித்தது நான் என்பதால் நிரூபிப்பதும் நானே. நியாயம்தான்.

மூக்கு அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "தொப்பியா? ஊர்ல எந்தக் குழாய்க்குத் தொப்பி இல்ல, சொல்லு? உங்கப்பாவ மாட்டிவிடறதுன்னு முடிவே பண்ணிட்டியா?"

"திங்கக்கிழமை தொப்பியோட ஒரு தடவ, தொப்பி இல்லாம ஒரு தடவ, அந்த ஜன்னல்ல நெடிய அளப்போம்ணே. மீட்டரும் இருக்கட்டும், உங்க மூக்கும் இருக்கட்டும்."

எங்கிருந்து வந்தது இந்த வாய்?

செப்டம்பர் 18, வியாழன்

இன்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வேறு யார் வாயிலிருந்தாவது கேட்டால் அவர் தாங்க மாட்டார்.

கரண்டியைக் குழாய்க்கடியில் பிடித்துக் காட்டினேன். நல்ல உதாரணம் என்று நினைத்தேன். சமையலறையும் நனைந்தது, அவர் முகமும் மாறியது.

"அப்போ இத்தன நாளா நான் ஊர் மேல புகைய ஊத்திக்கிட்டிருந்தேன்னு சொல்ற."

"இல்லப்பா, மழைக்கு உங்க தொப்பி சரிதான், ஆனா—"

"படிக்க வெச்சது என் தொப்பியக் கழட்டவா?"

என்னத்தச் சொல்றது? அப்படித்தான்னு சொல்லவா? அந்தப் பொண்ணு மூச்சு விசிலடிக்குதுப்பா, நான் பார்த்தேன், என் காதால கேட்டேன், பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி எப்படி உக்காருவேன், இதெல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. வெளிய வரல. எப்பவும் போல. ஊர்ல பேச வராம போனா பரவாயில்ல, அப்பாகிட்டயுமா?

அவர் சாப்பிடாமல் எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா தரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "விடுடி. அவரு கோவமும் தகரந்தான். சூடானா தொட முடியாது. ஆறவும் நேரமாகாது."

நான் சொன்னது சரி. அது மட்டும் அசையவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

அப்பா பேசவில்லை. அவர் போடும் காலை டீ மட்டும் வழக்கம்போல் என் மேசைக்கு வந்தது. ஆறிப்போய், ஆனால் வந்தது.

செப்டம்பர் 22, திங்கள்

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பெரிய மேடமும் வந்திருந்தார். தையல்காரம்மா ஜன்னல் டேப்பைப் பிரித்தார். மீட்டரை அங்கே வைத்தேன். கீழே பெயின்ட் அக்கா ஒரு பெரிய கேட்டுக்கு ஸ்ப்ரே அடிக்க ஆரம்பித்தார். எண் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. மூக்கு அண்ணன் கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

"சரி, தொப்பியக் கழட்டலாம்" என்றேன். "யார் கழட்டுறது?"

"போட்டவரையே வரச் சொல்லியிருக்கேன்" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார் பெயின்ட் அக்கா.

ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தது அப்பா. சலவைச் சட்டை. முடியைப் படிய வாரியிருந்தார். என்னை முன்பின் பார்த்ததே இல்லை என்பதுபோல் ஒரு பார்வை.

"கழட்டலாங்களா மேடம்?"

பெரிய மேடம் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும்.

"கழட்டுங்க" என்றேன். ங்க சேர்த்துத்தான் சொன்னேன். அப்பாவை நான் எப்போதுமே அப்படித்தான் சொல்வேன் என்றாலும், இது வேறு.

அவர் மொட்டை மாடிக்கு ஏறித் திருகுகளைக் கழற்றினார். தொப்பியைத் தூக்கினார். ஜன்னலில் எண் இறங்க ஆரம்பித்தது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, கை தவறிய பாத்திரம் மாதிரி. மூக்கு அண்ணன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி இழுத்தார். மறுபடி இழுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் நான் பார்ப்பது இதுவே முதல் முறை.

நான் மொட்டை மாடிக்கு ஓடினேன். அப்பா ஏணியில் நின்றபடி குழாய்க்கு மேலே கையை நீட்டிக்கொண்டிருந்தார். காற்று அவர் சட்டைக் கையைப் படபடவென்று மேலே தள்ளியது. இன்னொரு கையில் இருந்த தொப்பியைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவந்தார். காற்று திரும்பி அவர் முகத்தில் அடித்தது. விலக்கினார். மறுபடி கொண்டுவந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பார்.

கீழே எல்லோரும் கூடியபோது பெயின்ட் அக்கா கேட்டதுதான் உண்மையான கேள்வி. "எல்லாம் சரிம்மா. நாளைக்கே மழை பெஞ்சா? மறுபடி மோட்டார் போனா நான் கடைய மூடவேண்டியதுதான். நீங்க அனுமதி குடுத்து மூடினா என்ன, குடுக்காம மூடினா என்ன?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சட்டென்று கீழே கிடந்த ஒரு துண்டுக் குழாயை எடுத்து, அதைவிடப் பெரிய பெயின்ட் டப்பாவை அடி வெட்டியதாகப் பாவித்து, குழாயின் மேல் பாதி இறங்கியும் பாதி மேலே நிற்கிறபடியும் பிடித்துக் காட்டினேன். கை வேலை செய்தால் வாயும் வருகிறது.

"மழை நேரா விழறதில்ல, சாஞ்சுதான் விழும். வெளிக் குழாயோட உள்சுவர்ல பட்டு, இந்த இடைவெளி வழியா கீழ வழிஞ்சிடும். மேல மூடி இல்லாததால காத்து நேரா போயிடும். தப்பி விழற கொஞ்சத்துக்கு அடியில ஒரு வடிகால். ஃபேன் ஓடும்போது காத்தே மழையத் தள்ளிடும்."

"மேல தெறந்து வெச்சுட்டு மழை வராதுன்னா?" என்றார் அப்பா, எல்லோர் முன்னாலும். "இது எந்த ஊர்க் கணக்குங்க மேடம்?"

"வெச்சுப் பார்த்தா தெரியும். தண்ணி உள்ள வந்தா என்னைக் கேளுங்க."

அப்பா தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பெயின்ட் அக்காவிடம் சொன்னார்: "மேடம் சொல்றாங்க. செஞ்சு பார்ப்போம். தகரத்துக்கு மட்டும் காசு குடுங்க, கூலி வேணாம்."

பெரிய மேடத்தின் முடிவு: புதுக் குழாய் போட்டு, ஒரு நல்ல மழை தாண்டி, மோட்டார் நனையவில்லை, ஜன்னலில் நெடி இல்லை என்றால் புதுப்பிப்பு. இல்லையென்றால் மறுப்பு. எல்லாம் அக்டோபருக்குள்.

செப்டம்பர் 24, புதன்

கூடம் முழுக்கத் தகரம். அப்பா பேச ஆரம்பித்துவிட்டார், அதாவது சண்டை போட.

"வெளிக் குழாயத் தாங்குறதுக்கு நீ வரைஞ்சிருக்கியே கம்பி, அது உள்பக்கமா சரியுது. தண்ணி அது மேலயே நடந்து உள்ள வந்து உக்காரும்."

பார்த்தேன். ஆமாம். "வெளிப்பக்கமா சரிச்சிடுங்கப்பா."

"சரிக்கறேன். வழியற தண்ணி கூரை ஓட்டையில எறங்குமே, அதுக்கு?"

"அதுக்கு... ஒரு பட்டை?"

"தொப்பியக் கழட்டிட்டுப் பாவாட கட்டச் சொல்ற." முதல் முறையாகச் சிரித்தார். குழாய் கூரையைத் தாண்டுகிற இடத்தில் ஒரு தகரப் பாவாடை. சரியான யோசனை.

பதிலுக்கு நானும் ஒன்று பிடித்தேன். வெளிக் குழாயை அவர் சிக்கனமாகக் குட்டையாக வெட்டியிருந்தார். அந்த உயரத்துக்குச் சாய்ந்த மழை நேரே உள் குழாயில் விழும். கோணம் வரைந்து காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே புதுத் தகரம் எடுத்தார்.

குளியலறையில் வைத்து, தண்ணீர் ஊற்றும் பூவாளியால் மழை பெய்வித்தோம். உள்ளே வைத்த பழைய பேப்பர் நனையவில்லை. நாங்கள் நனைந்தோம். "அப்பனும் மகளும் வீட்ட ஏரியாக்குங்க" என்றாள் அம்மா.

கடைசியில் தயங்கிக் கேட்டார்: "ஃப்ரில் வெக்கலாமா?"

"உள்பக்கம் வேணாம்ப்பா. வெளிப்பக்கம் எவ்வளவு வேணாலும் வெச்சுக்கோங்க."

அக்டோபர் 3, வெள்ளி

குழாய் ஏறிவிட்டது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. பெயின்ட் அக்கா, தையல்காரம்மா, மூக்கு அண்ணன், அப்பா என்று நாலு பேரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றோம், என்னையும் சேர்த்தால் ஐந்து. மழை வரக் கூடாது என்று இத்தனை நாள் பயந்த அக்கா இன்று மழையைத் திட்டிக்கொண்டிருந்தார், வரவில்லை என்று.

அக்டோபர் 10, வெள்ளி

இன்னும் இல்லை. அப்பா இரவில் எழுந்து எழுந்து ஜன்னலைத் திறந்து பார்க்கிறார். நான் பார்ப்பதில்லை. வரும்போது வரட்டும், கோணம் சரி.

(சரி, ஒரு தடவை பார்த்தேன்.)

அக்டோபர் 16, வியாழன்

நேற்று சாயங்காலம் பட்டறை மூடியதிலிருந்து விடியும்வரை கொட்டு கொட்டென்று கொட்டியது. காலையில் கதவு திறக்கும் முன்பே நாங்கள் வாசலில். மூக்கு அண்ணன் மோட்டார் மூடியைக் கழற்றி விரலால் தடவினார். விரலைக் காட்டினார். தூசி. காய்ந்த, அழகான தூசி.

ஸ்ப்ரே ஆரம்பித்ததும் மாடிக்கு ஓடினோம். தையல்காரம்மாவின் ஜன்னல் அகலத் திறந்திருந்தது. மீட்டரில் எண் அசையவில்லை. அண்ணன் தலையை நீட்டினார், இழுத்தார், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியல சைலன்ட்."

அவர் வாயால் இதைவிடப் பெரிய பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை. மத்தியானம் கையெழுத்துப் போட்டார். பழைய தொப்பியை அப்பா பெயின்ட் அக்காவிடமே கொடுத்துவிட்டார். அக்கா அதற்கு நீலம் அடித்து, கவிழ்த்து, பட்டறை வாசலில் செடி வைத்திருக்கிறார்.

அக்டோபர் 21, செவ்வாய்

பெரிய மேடம் நான் வரைந்த குழாய்ப் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். எந்தத் தகரக்காரரும் பார்த்துச் செய்துகொள்ளலாம், யார் பெயரும் போடக் கூடாது, யாரையும் நாங்கள் சிபாரிசு செய்யக் கூடாது. இனி அனுமதி புதுப்பிக்கிற எல்லோருக்கும் தொப்பி கழற்றுவது நிபந்தனை. வீட்டில் சொன்னேன்.

"அந்தத் தலப்பா கட்டுறவனும் இதப் பார்த்துச் செய்வானா?"

"செய்வாருப்பா."

"அதையும் கோணலாத்தான் செய்வான்" என்றார். இரவெல்லாம் யோசனையாக இருந்தார்.

நவம்பர் 6, வியாழன்

போன் ஒலித்தது. மூக்கு அண்ணன் எழுந்திருக்க நாற்காலியைப் பாதி தள்ளிவிட்டார். நான் எடுத்துவிட்டேன். சீட்டு எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை.

"ஹலோ."

எதிர்முனையில் பேக்கரிக்காரர். எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் அதே பேக்கரி.

"மேடம், ஒரு ஆள் ஏணியோட வந்து நிக்கிறாரு. எங்க சிம்னிக்குத் தொப்பி போட்டவரு அவர்தான். இப்ப அதக் கழட்டணுங்குறாரு. கூலி வேணாங்குறாரு. லாண்டரியில போன வாரமே கழட்டிட்டாராம். நானும் கேட்டுட்டேன், நல்லாத்தானே இருக்கு, ஏன்யா கழட்டுறன்னு. 'அப்போ தெரியாது, இப்போ தெரியும்'ங்குறாரு. இப்படி ஒரு ஆளப் பார்த்திருக்கீங்களா? நம்பலாமா மேடம்?"

கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். பேச வராததால் இல்லை.

"யாரை வெச்சு வேணும்னாலும் செய்யலாங்க. நாங்க ஆள் சொல்ல மாட்டோம். ஆனா தொப்பியக் கழட்டணும்னு அவர் சொல்றது சரி. ஏன்னு நான் சொல்றேன், பக்கத்துல கரண்டி இருக்கா?"

போனை வைத்தபோது அலுவலகமே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு அண்ணன் பர்ஸைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். கட்டடம் முழுவதும் டீ குடித்தது. காவலாளி இரண்டு குடித்தார்.

இருட்டுகிற நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். அப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரோடு பேக்கரிக் கரி கரைந்து ஓடியது.

"இன்னைக்கு ஆபீசுக்குப் போன் ஏதும் வந்துச்சுங்களா மேடம்?" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

"வந்துச்சு."

"யாரு எடுத்தா?"

"நான்தான்ப்பா."

சோப்பை எடுத்து மறுபடி போட்டுத் தேய்த்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.